இழை: ‘ஆட்டோஆன்டிபாடி’க்குத் தமிழ்ச்சொல் (ஹெபடைட்டிஸ் சி கையேடு, அவசரம்)

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாளுக்காக ஒரு நோயாளர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கிருமி போன்ற பிறபொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம் ஆன்டிபாடி; உடலின் சொந்தப் பொருளையே பற்றினால் அது ஆட்டோஆன்டிபாடி. நாட்பட்ட ஹெபடைட்டிஸ் சி (கல்லீரலை அழற்சியாக்கும் வைரஸ் தொற்று) உள்ளவர்களின் ரத்தத்தில் ஏஎன்ஏ (செல் கருவைப் பற்றுவது), எஸ்எம்ஏ (மென்தசையைப் பற்றுவது) முதலிய ஆட்டோஆன்டிபாடிகள் தென்படுவதுண்டு என்று ஒரு பத்தி, அங்கே நின்றுவிட்டேன். ஆன்டிபாடிக்குப் ‘பிறபொருளெதிரி’ என்று வைத்தால் முன்னால் ‘தன்’ ஒட்ட மறுக்கிறது. ‘தன் பிறபொருளெதிரி’ என்றால் தன்னதா, பிறிதா?

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:
தம்பி, நோயெதிர்ப்பாற்றலுக்கு நிர்ப்பீடனம், ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி என்றுதான் நாங்கள் படித்தோம், படிப்பித்தோம். அந்தச் சொல்லைக் கைவிட வேண்டாம், ‘பிற’வை மட்டும் மாற்றுங்கள். தன் + பொருள் = தற்பொருள்; தற்காப்பு, தற்பெருமை போல. ஆகவே ‘தற்பொருளெதிரி’. பிறபொருளெதிரிக்கு அருகில் வைத்தால் மாணவனுக்கு இரண்டும் ஒரே பார்வையில் விளங்கும்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:
புணர்ச்சி சரிதான். ஆனால் காதுக்குத் ‘தற்போது’ போல் விழுகிறது. நம்மிடமே ‘உட்பகை’ இருக்கிறதே, குறளின் 89ஆம் அதிகாரத் தலைப்பு! உடம்புக்குள் பிறந்து உடம்பையே பகைப்பதற்கு வேறென்ன வேண்டும்? ‘உட்பகைப் புரதம்’ என்று வையுங்கள். இன்னொன்று: ஈரல் என்பது ஈரத்திலிருந்து வந்தது என்பார்கள். எனக்கு ‘ஈர்தல்’, பிளத்தல் என்றே படுகிறது. மடல் மடலாகப் பிளந்த உறுப்பு. நுரைபோன்றது நுரையீரல், கல்போன்றது கல்லீரல். மண்ணீரலுக்கு ஏன் மண் என்று பெயர் வந்தது என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

மதுரை, கல்லீரல் மருத்துவர்:
ஐயா, மண்ணீரல் மடலுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் ‘உட்பகை’ வேண்டாம். சொல் அழகாக இருக்கிறது, இந்த நோயில் அது உண்மை பேசவில்லை. ஹெபடைட்டிஸ் சியில் இவை பெரும்பாலும் 1:40, 1:80 (ரத்தநீரை 40, 80 மடங்கு நீர்த்தும் தெரிவது) போன்ற தாழ்ந்த அளவில்தான் வரும். ஈரலைக் கெடுப்பவை முக்கியமாக வைரஸும், வைரஸ் புகுந்த செல்களை அழிக்கப் புறப்படும் நம் டி செல்களும் (ஒருவகை வெள்ளணுக்கள்). இந்த ஆட்டோஆன்டிபாடிகள் அந்தச் சண்டையில் கிளம்பிய புழுதி என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். இவை இருப்பவர்களுக்கு ஈரல் தழும்பு அதிகமா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

எல்கேஎம்-1 என்று இன்னொரு ஆட்டோஆன்டிபாடி உண்டு, ஈரலிலுள்ள சைட்டோகுரோம் 2டி6 நொதியைப் பற்றுவது. உடலே தன் ஈரலைத் தாக்கும் அழற்சியில் இரண்டாம் வகைக்கு அதுதான் அடையாளம். சில ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளிடமும் அதே எல்கேஎம்-1 வரும். அதை மட்டும் நம்பி, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் வைரஸ் பெருகும். ஹெபடைட்டிஸ் சிக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் மறுபக்க ஆபத்தும் இருந்தது: ஒளிந்திருந்த தன்தாக்கு நோயை அது கிளப்பிவிடும். இப்போது 8 முதல் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணம். ஒரு சொல்லைப் பார்த்துப் பயந்து யாரும் அந்த மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

திருச்சி, ஆய்வகப் பணியாளர்:
நான் தமிழ் படித்தவள் இல்லை, ரிப்போர்ட் கொடுக்கிறவள். என் அப்பாவுக்கே ஹெபடைட்டிஸ் சி இருந்தது. ‘ஏஎன்ஏ பாசிட்டிவ்’ என்று பார்த்ததும் முகம் வெளுத்து, “எச்ஐவியாம்மா?” என்று கேட்டார். ‘பாசிட்டிவ்’ என்றால் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். ‘எதிரி’, ‘பகை’ எதுவும் வேண்டாம் சார். பள்ளிப் புத்தகத்தில் என் மகன் படிக்கும் ‘எதிர்ப்பொருள்’ போதாதா?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
போதும் என்றே தோன்றுகிறது, அம்மா. அதில் ‘பிற’ இல்லாததால் முரணும் இல்லை. தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்து ‘தன்னெதிர்ப்பொருள்’.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:
தம்பி, ‘பொருள்’ என்றால் அர்த்தமும்தானே? தனக்கே எதிரான அர்த்தம் தரும் சொல் என்றல்லவா படிக்கிறது!

மதுரை, கல்லீரல் மருத்துவர்:
இலக்கணப் புத்தகத்தில் அப்படிப் படிக்கலாம் ஐயா. ரத்தப் பரிசோதனைத் தாளில் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். என் வாக்கு இதற்கே. கூடவே ஒரு வரி சேருங்கள்: “இது தென்பட்டதாலேயே உங்கள் உடல் ஈரலைத் தாக்குகிறது என்று பொருளல்ல.”

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
மூவர் ‘தன்னெதிர்ப்பொருள்’ பக்கம், இருவர் மறுப்பு. மருத்துவர் தந்த வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். ‘மார்க்கர்’ வரும் இடங்களில் ‘அடையாளம்’. கோப்பு இன்றிரவு அச்சகத்துக்குப் போகிறது.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் இந்தக் கையேடு எங்கள் பக்கமும் வரும் தம்பி. எங்கள் பிள்ளைகள் ‘எதிர்ப்பொருள்’ படித்ததில்லை. அடுத்த பதிப்பில் ‘தற்பொருளெதிரி’யையும் பக்கத்தில் போடுங்கள். நான் மறக்க மாட்டேன்.