நனைத்த துணி, சலங்கை மணி, சாய்ந்த காட்டுமாடு

அம்மாபேட்டை டீச்சர்

பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். சுற்றுச்சூழல் கண்காட்சி என்றாலே பிள்ளைகள் ஒரு பூமி உருண்டையை வரைந்து அதற்குக் கண்ணும் கண்ணீரும் வைத்துவிடுவார்கள். பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. போன வருஷம் வேறு மாதிரி செய்து பார்த்தோம்.

தெரிந்த தறிக்காரரிடம் வெள்ளைப் பருத்தித் துணி வாங்கி ஏழு துண்டாகக் கிழித்தோம். திருமணிமுத்தாறு மஞ்சவாடிப் பக்கம் சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்துக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. வழியில் ஏழு இடத்தில் துணியைக் கல்லில் கட்டிச் சாயங்காலம் தண்ணீரில் போட்டு, மறுநாள் காலையில் எடுத்தோம். பெரியவர்கள் கூடவே போனார்கள். துவைக்காமல் அப்படியே காயவைத்து, பள்ளி வராந்தாவில் கொடி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டோம். பக்கத்தில் ஊர்ப்பெயர் மட்டும். வேறு எதுவும் எழுதவில்லை.

மலையடிவாரத்துத் துணியில் செம்மண் கறை, மழை பெய்த வாசனை. சுகவனேஸ்வரர் கோயில் பக்கத்தில் போட்டது கரிப்பிடித்துணி போல ஆகிவிட்டது. உத்தமசோழபுரத்துத் துணியில் விளிம்பில் லேசான ஊதா. பார்க்க வந்த அம்மாக்களில் ஒருவர், "ஏன் டீச்சர், ரின் போட்டா போயிடாதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

மறக்க முடியாதவர் ஒரு மாணவியின் தாத்தா. முப்பது வருஷம் சாயப்பட்டறையில் நின்றவர். கொடியருகே போய் ஒவ்வொரு துணியாக மோந்து பார்த்தார். அப்புறம் கட்டைவிரலால் அந்தக் கறுப்புத் துணியை அழுத்தித் தேய்த்தார். விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. "சாயம்னா நூலுக்குள்ள போயிடும்மா. இது மேலயே நிக்குது. இது சாக்கடை" என்றார். ஊதா விளிம்பைத் தேய்த்தார், விரல் சுத்தமாக இருந்தது. "இது எங்க வேலை" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

உங்களுக்கு இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

ஜங்ஷன்காரன்

டீச்சர், உங்களது பரவாயில்லை. நான் பார்த்த ஒரு கண்காட்சியில் வாசலிலேயே 'நெகிழியை ஒழிப்போம்' என்று இருபதடி ஃபிளெக்ஸ். உள்ளே தெர்மாகோலில் செய்த பனிக்கரடி. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1லிருந்து தடை. அந்தச் செய்தியையே ஃபிளெக்ஸில்தான் அடித்திருந்தார்கள்!

என்னைக் கேட்டால் நம் சேலத்து மூக்கனேரிதான் கலை. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரினார்கள். வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே தீவு தீவாகக் குவித்து மரம் நட்டார்கள். இப்போது அதில் பறவை அடைகிறது. யாரும் அதற்குக் கீழே கலைஞர் பெயர் எழுதவில்லை.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு

நான் கலை ஆள் இல்லை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். சில வருஷம் முன்னால் ஆர்டர் விஷயமாக டெல்லி போனபோது, நண்பர் இழுத்துப்போய் ஒரு கேலரியில் விட்டார். விபா கல்ஹோத்ரா என்பவரின் வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரிலிருந்து சாக்கடைச் சேறு வழிந்து இறங்குகிற மாதிரி இருந்தது. இதற்கா ஏ.சி. போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போனேன். அத்தனையும் சலங்கை மணி! நாட்டியக்காரர் காலில் கட்டுகிற அதே மணி, ஆயிரக்கணக்கில், துணியில் ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்தது.

தொழில் புத்தி, முதலில் தையலைத்தான் பார்த்தேன். இடைவெளி ஒன்றுகூடப் பிசகவில்லை. எங்கள் ஆளுக்கு இந்தக் கை இருந்தால் நான் எங்கோ போயிருப்பேன். அப்புறம்தான் நண்பர் சொன்னார்: இவர் யமுனையைப் பற்றியே நிறையச் செய்கிறார், ஆற்றில் படிந்த கசடை அள்ளிவந்து அதையே வண்ணமாகப் பூசியும் படம் செய்திருக்கிறார் என்று.

அந்த மணிகளுக்கு முன்னால் நின்றபோது எங்கள் பட்டறைதான் ஞாபகம் வந்தது. பற்றவைத்த கொலுசை ஆசிட்டில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்தால்தான் வெள்ளை வரும். அந்த ஆசிட் தண்ணீர் எங்கே போகிறது? வாசல் சாக்கடைக்கு. சாக்கடை எங்கே போகிறது என்று டீச்சர் துணியைக் கேளுங்கள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் ஊற்றுகிறோம், ஒருநாளும் யோசித்ததில்லை.

டீச்சர், எட்டாவது துணி வேண்டுமானால் சொல்லுங்கள். எங்கள் தொட்டியில் நனைத்து அனுப்புகிறேன்.

நாகலூர் எஸ்டேட்

ஏற்காட்டிலிருந்து ஒரு தோல்விக் கதை.

உண்ணிச்செடி எங்கள் மலைக்காரர்களுக்குத் தெரியும். அழகுக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, இப்போது வெட்ட வெட்டத் தளிர்க்கிறது. காப்பித் தோட்டத்து வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அந்த வருஷம் கூலி பூராவும் அதற்கே. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இந்தக் குச்சியை வேகவைத்து, தோலுரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்து நிஜ அளவில் யானை செய்கிறார்கள். 2024இல் நூறு யானைகள் கப்பலேறி அமெரிக்காவில் ஊர் ஊராகப் போயின. கூடலூரில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது வேலை நடப்பதை நேரில் பார்த்தேன். காதுக்கு மட்டும் ஒருவர் அரைநாள் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் மலையில் யானை இல்லை, காட்டுமாடு உண்டு. சரி, நாமும் ஒன்று செய்வோம் என்று நானும் இரண்டு பேரும் இறங்கினோம். குச்சியைப் போதுமான அளவு வேகவைக்கவில்லை போல, வளைத்த இடமெல்லாம் படக் படக்கென்று ஒடிந்தது. திமில் வைக்க வேண்டிய இடத்தில் குழி. மூன்றாம் நாள் முன்னங்கால் மடங்கி மொத்தமும் சாய்ந்துவிட்டது. காப்பி பறிக்க வந்த பாட்டி பார்த்துவிட்டு, "பன்னி நல்லா வந்திருக்கு சாமி" என்றார்.

ஆனால் ஒன்று, அதற்காக வெட்டியதில் கால் ஏக்கர் சுத்தமாகிவிட்டது.

அம்மாபேட்டை டீச்சர்

நாகலூர் சார், அந்தப் பன்றியை எரித்துவிடாதீர்கள், பிள்ளைகளோடு வந்து பார்க்கிறோம்.

ஜங்ஷன் அண்ணா, நீங்கள் சொன்னதை ஒருவர் ஏற்கெனவே செய்திருக்கிறார். ஜெர்மனியில் காசல் நகரத்தில் 1982இல் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 7000 ஓக் மரம் நடத் தொடங்கினார். ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும் ஒரு எரிமலைக் கல். ஏழாயிரம் கல்லையும் முதலிலேயே அருங்காட்சியகத்து வாசலில் குவித்துவிட்டார். மரம் நட நடத்தான் குவியல் குறையும். ஊர்க்காரர்கள் முதலில் அந்தக் குவியலைப் பார்த்து எரிச்சல்பட்டார்கள். 1986இல் அவர் இறந்துவிட்டார். கடைசி மரத்தை மறுவருஷம் மகன் நட்டார். மூக்கனேரி மண்ணும் அந்தக் கல்லும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. பெயர் எழுதுவதா வேண்டாமா என்பதில் மட்டும் உங்களோடு சண்டை போடுவேன்.

செவ்வாய்ப்பேட்டை அண்ணாவின் பொட்டலம் நேற்று வந்தது. பிரித்துப் பார்த்தால் துணி பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது, ஒரு கறை இல்லை. கொடியில் போடலாம் என்று உதறினேன். நடுவில் கை நுழைகிற அளவுக்குக் கிழிந்து, மீதி பொடிப்பொடியாகத் தரையில் விழுந்தது.