மெதுவாகப் பாடுகிற பிள்ளைகள் ஏன் பாதியிலேயே வெளியே போகிறார்கள்?

தறிச்சத்தம் (ஈரோடு) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிறவர்களிடம் ஒன்று கேட்கணும்.

வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு சாயந்திரம் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். கண் துணியில் இருக்கும், காது டிவியில் இருக்கும். மேடையில் புகை விட்டார்களா, பின்னால் எத்தனை பேர் ஆடினார்கள் என்று கேட்டால் தெரியாது. பாட்டு மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்டிருப்பேன். 2006-ல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். நிகில் மேத்யூ, அஜீஷ், சாய்சரண், திவாகர் என்று ஜெயித்தவர்கள் பேரை வரிசையாகச் சொல்வேன். 2023-ல் அருணா ஜெயித்தபோது, பெரியவர்கள் போட்டியில் கடைசியில் ஒரு பெண் பட்டம் வாங்கிவிட்டாளே என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாள் முன்னால் ஒரு குழந்தைகள் போட்டியில் ஒரு பெண் பாடினாள். பதினோரு வயது இருக்கும். பழைய, மெதுவான பாட்டு. அந்த நேரம் நான் ஒரு ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். முதல் வரியிலேயே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன், மெஷின் சத்தத்தில் அந்தக் குரல் அமுங்கிவிடும் என்று. பல்லவியின் கடைசிச் சொல்லை அவள் அப்படியே வெட்டவில்லை. மெல்ல மெல்லக் குறைத்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் முடித்தாள். குரல் ஆடவே இல்லை. சரணத்தில் மூச்சு எடுத்த இடம் இன்னும் அழகு. சொல்லைப் பாதியில் உடைக்காமல், அர்த்தம் முடிகிற இடம் வரைக்கும் இழுத்துவந்து அங்கேதான் எடுத்தாள். பெரிய பாடகர்களே சில நேரம் சொல்லுக்கு நடுவில் மூச்சு வாங்குவதைக் கேட்டிருக்கிறேன்.

நடுவர்கள் சொன்னது: "நல்லா இருந்ததும்மா, ஆனா இன்னும் கொஞ்சம் எனர்ஜி வேணும்."

அடுத்து ஒரு பையன். எடுத்த எடுப்பிலேயே உச்சஸ்தாயி. அவனும் திறமைசாலிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவது வரியில் பாதிச் சொல் காணோம், மூச்சு இரைக்கிறது. கடைசியில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். நடுவர்கள் எழுந்து நின்றார்கள், மேலேயிருந்து தங்கக் காகிதம் கொட்டியது. அடுத்து வந்த ஒரு வாரத்தில் அந்தப் பெண் வெளியே போய்விட்டாள்.

இது அந்த ஒரு நாள் கதை என்றால் எழுதியே இருக்க மாட்டேன். எல்லாச் சேனலிலும், எல்லா சீசனிலும் இதேதான் நடக்கிறது. மெதுவான பாட்டை நல்லபடி பாடுவதுதான் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். வேகப் பாட்டில் தாளம் தாங்கிக்கொள்ளும். மெதுவான பாட்டில் குரல் தனியாக நிற்கணும்.

இன்னொன்று. முன்பெல்லாம் சூப்பர் சிங்கரில் அனந்த் வைத்தியநாதன் சார் பயிற்சி கொடுப்பதைக் காட்டுவார்கள். மூச்சை எங்கிருந்து எடுக்கணும், வாயை எவ்வளவு திறக்கணும் என்று பிடித்துவைத்துச் சொல்லிக்கொடுப்பார். பாடத் தெரியாத எனக்கே அதைப் பார்த்துத்தான் எதைக் கவனித்துக் கேட்கணும் என்று புரிந்தது. அந்த நேரத்தையெல்லாம் இப்போது எலிமினேஷன் தின்றுவிடுகிறது. "இந்த வாரம் வெளியேறப் போவது..." என்று நிறுத்துவார்கள். டமார் என்று ஒரு சத்தம். குழந்தை முகம், அம்மா முகம், விளம்பரம். திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து. பத்து வயசுக் குழந்தையை அத்தனை நேரம் நிற்க வைப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

என் பையன் ஒருநாள் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா என்ற சமையல் போட்டியைப் போட்டுக் காட்டினான். 2018-ல் ஜெயித்த சசி செல்லையா, சிங்கப்பூரில் பிறந்த தமிழர், அடிலெய்டில் சிறைக் காவலராக இருந்தவர். இறுதிச் சுற்றில் சம்பல் இறாலும் மீன் குழம்பும் செய்து நூற்றுக்கு 93 வாங்கினார். அவர்கள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவர் கையையும் அடுப்பையும் அத்தனை நேரம் காட்டினார்கள், ஏன் ஜெயித்தார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பாட்டுப் போட்டியில் மட்டும் ஏன் வேலையைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்?

உங்களுக்கும் இப்படித் தோன்றுகிறதா? பாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் காரணம் சொல்லுங்க.

மேடைக்கீபோர்டு (திருச்சி):

அக்கா, உங்க காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு எல்லாம் போவோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் காரணம் உங்க வீட்டு டிவியிலேயே இருக்கிறது. ஆண் குரல் ஒரு கட்டை சுருதியில் பாடினால் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்கிற கணக்கு) ஆதார ஸட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸ், நொடிக்கு 130 அதிர்வு. அதற்குக் கீழே இருக்கிற 'ப', மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. இப்போது வருகிற ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது, அந்தக் கனம் அதில் வரவே வராது. நம் காதுக்கு எடுப்பாகக் கேட்பது 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும். உச்சத்தில் குரலைத் திறந்து பாடும்போது வருகிற பளபளப்பு அந்தப் பக்கம்தான் விழுகிறது. டிவி அதை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடும்.

அப்புறம் கம்ப்ரெஸ்ஸர். ஒளிபரப்புக்கு ஒலியை மிக்ஸ் செய்யும்போது இதைப் போடுவார்கள். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அடுக்களையில் மிக்ஸி ஓடினாலும் பாட்டு கேட்கணுமே, அதற்காக. நீங்க சொன்னீர்களே, கடைசிச் சொல்லை மெல்லக் குறைத்தாள் என்று, அந்தக் குறைப்பை கம்ப்ரெஸ்ஸர் பாதி தின்றுவிடும். அதையும் மீறி உங்க காதுக்கு வந்திருக்கிறது என்றால், நேரில் அந்தப் பெண் இன்னும் எவ்வளவு அழகாகப் பாடியிருப்பாள்!

குழந்தைகளுக்குக் கீழ்ஸ்தாயி அவ்வளவாகக் கிடையாது, குரல் நாண் சின்னது. பெரியவர்கள் பாடிய தாழ்ந்த பாட்டைக் கொடுத்தால் கட்டையை ஏற்றித்தான் வாசிக்கணும். கீபோர்டில் ஒரு பட்டன்தான். ஆனால் இரண்டு மூன்று கட்டை ஏற்றினாலே அந்தப் பாட்டின் அமைதி போய்விடும். அதனால் பயிற்சியாளர்களே "வேண்டாம், வேற பாட்டு எடு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

மேடையில் நாங்களும் அந்த நெருக்கடியில்தான் இருக்கிறோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மெதுவான பாட்டு எடுத்தால் கமிட்டிக்காரர் ஓரத்திலிருந்து கையைக் காட்டுவார், வேகமாகப் போகச் சொல்லி. எங்கள் குழுவில் ஒரு அண்ணன் தாழ்ந்த பாட்டுகளைப் பிரமாதமாகப் பாடுவார். மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, ஒவ்வொரு மூச்சையும் கணக்குப் பண்ணிப் பாடுவார். வரவேற்பில் சாப்பாட்டு நேரத்தில்தான் அவருக்கு வாய்ப்பு.

ஆனால் எனர்ஜி என்ற சொல்லை நடுவர்கள் சொல்வதில் எனக்கும் வருத்தம் உண்டு. பாடகர் சீனிவாஸ் சாரை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் சிங்கரிலும் சரிகமபவிலும் நடுவராக இருந்தவர். அவர் கத்திப் பாடியா பேர் வாங்கினார்? அவர் குரலின் மென்மைக்காகத்தானே அத்தனை பாட்டு வந்தது.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):

அக்கா, நீங்கள் எழுதினதை வாசிக்க நல்லா இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் நான் வேறமாதிரி நினைக்கிறன்.

பாட்டைத் தவிர வேறொன்றும் காட்ட வேண்டாம் என்றால் எங்கட பிள்ளைகளுக்கு என்ன நடந்திருக்கும்? 2023-ல் ஜீ தமிழ் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கில்மிஷா பாடினது, அதே மேடையில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அசானி பாடினது. அந்த வருசம் முடிய முன்னம் கில்மிஷா பட்டமும் வென்றது. அந்தக் கிழமைகளில் இங்க சந்தையிலயும் பஸ்ஸிலயும் அதுதான் கதை. அசானியின் வீட்டைப் பற்றி அந்த மேடையில் கதைத்தபடியால்தான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எப்படி வாழுகினம் என்று தமிழ்நாட்டில் கனபேருக்குத் தெரிய வந்தது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற அம்மாமாரைப் பற்றி வேற எந்த நிகழ்ச்சி அவ்வளவு பேருக்குச் சொன்னது? அதனால் குடும்பக் கதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டன். அந்தக் கதையையும் பாட்டின் அளவுக்கு மரியாதையாகச் சொல்ல வேணும், அவ்வளவுதான்.

ஆனால் முடிவு சொல்லுற நேரம் பிள்ளைகளை நிற்க வைக்கிறது பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. என்ர மகளுக்கு ஒன்பது வயது. அந்த இடம் வந்தால் எழும்பி உள்ளுக்குப் போயிடுவாள். யார் போனது என்று பிறகு என்னட்டக் கேட்பாள்.

பழையரேடியோ (தஞ்சாவூர்):

அம்மா தறிச்சத்தம், போட்டி என்றாலே அழ வைக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு, பிறகு சன் டிவிக்கும் வந்தது. ஓர் எழுத்தைச் சொல்வார், அதில் தொடங்கும் பாட்டைப் பாடணும். தெரியாவிட்டால் அவர் சொல்கிற விதத்தில் தோற்றவனுக்கே சிரிப்பு வரும், கௌரவமாக இறங்கிப் போவான். அவர் உச்சரிப்பைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ழகரம் திருத்திக்கொண்டார்கள்.

ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்களும் அப்படித்தான். சின்மயி அந்தப் போட்டியில் ஜெயித்தவர். அங்கே நடுவராக வந்த சீனிவாஸ்தான் அவரை ஏ.ஆர். ரஹ்மானிடம் அறிமுகப்படுத்தினார். பின்னால் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த முதல் பாட்டும் மென்மையான பாட்டுதானே? ஆகவே மெதுவாகப் பாடுகிறவர்களுக்கு இடமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போட்டியில் போகிற பட்டத்தை ஒரு நல்ல இசையமைப்பாளரின் காது திருப்பிக் கொடுத்துவிடும்.

தறிச்சத்தம் (ஈரோடு):

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

மேடைக்கீபோர்டு தம்பி, கம்ப்ரெஸ்ஸர் விஷயம் எனக்குப் புதுசு. நேற்றே பையனிடம் சொல்லி அவனுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண் பாடியதை ஃபோனில் மறுபடி போட்டுக் கேட்டேன். சரணத்துக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சுச் சத்தம் இருக்கிறது, டிவியில் அது கேட்கவே இல்லை. புல்லாங்குழல் முடிகிற அதே நொடியில் எடுக்கிறாள். பயிற்சி இல்லாமல் அது வராது. யாரோ ஒரு டீச்சர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார், அந்த டீச்சரையும் ஒரு நிமிஷம் காட்டியிருக்கலாம்.

பனங்கூடல், அசானி பற்றி நீங்க சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் கண்ணு. எனக்கும் அந்தக் குழந்தை பாடிய பிறகுதான் லயம் என்றால் என்ன வீடு என்று தெரிந்தது. குடும்பத்தைக் காட்டட்டும். ரிசல்ட் நேரத்தில் அம்மா கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் கேமராவை அங்கேயே வைத்திருக்கிறார்களே, அதைத்தான் விடச் சொல்கிறேன்.

ஐயா, இசையமைப்பாளர் காது திருப்பிக் கொடுக்கும் என்கிறீர்கள். எத்தனை பேருக்குங்க கிடைக்கும்? பதினோரு வயதில் "எனர்ஜி இல்லை" என்று பத்துப் பேர் முன்னால் கேட்ட குழந்தை அடுத்த வருஷம் என்ன பண்ணும்? கத்திப் பழகும். அந்தக் குரல் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. நடுவர்கள் அதே இடத்தில் "அந்தக் கடைசிச் சொல்லை எப்படிக் குறைத்தாய், இன்னொரு தடவை பாடிக் காட்டு" என்று கேட்டிருந்தால், வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை குழந்தைகளும் அதைப் பழகிப் பார்த்திருக்கும்.

தம்பி, இன்னொரு உதவி. உங்க குழுவில் தாழ்ந்த பாட்டுப் பாடுகிற அந்த அண்ணன் எந்தக் கட்டையில் பாடுவார்? ஈரோடு பக்கம் எப்போதாவது நிகழ்ச்சி வைத்தால் சொல்லுங்க, முன்வரிசையிலேயே உட்கார்ந்து கேட்கிறேன்.

மேடைக்கீபோர்டு (திருச்சி):

அண்ணனுக்கு ஒரு கட்டைக்கு மேல் போகவே பிடிக்காது அக்கா. சில பாட்டுக்கு அதற்கும் கீழே இறக்கச் சொல்வார். நீங்க எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். தை மாசத்துக்கு மேல் பவானிப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். உறுதியானதும் இங்கேயே தேதி போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுங்கள், அவர் பாட்டெல்லாம் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும்.