விரல் வைத்துப் பார்த்தவர்கள்: மலேசியா, சுங்கை சிப்புட் தோட்டத்து அனுபவங்கள்

மூனாம் லயம் எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, இன்று எழுதிவிடுகிறேன். 1987 டிசம்பர். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டு அம்மாவோடு தீம்பாருக்கு (பால்மரக் காட்டுக்கு) வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் வாரம். விடியவில்லை, நெற்றி விளக்கு வெளிச்சம் மட்டும்தான். ஒரு கித்தா (ரப்பர்) மரத்தின் முன்னால் உளியை எடுத்த அம்மா சீவாமல் நின்றுவிட்டார். பழைய வெட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைத் தொட்டுப் பார்த்தார். "நேத்து பால் எடுத்த பிறகும் இது சொட்டிக்கிட்டே இருந்துச்சு. பாலும் தண்ணியா இருக்கு. இத கொஞ்ச நாளைக்கு விட்டுடு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அதிகம் சொட்டினால் நல்லதுதானே என்று நினைத்தேன். அடுத்த வாரம் அம்மா காய்ச்சலில் படுத்துவிட, அவர் நிரைகளை நான்தான் சீவினேன். மொத்த நிரையிலும் அந்த ஒரு மரம்தான் மங்கு நிறையப் பால் தந்தது. விட மனமில்லை. தினமும் சீவினேன், ஆழமாகவும் சீவினேன். மூன்றாவது வாரம் வெட்டின் நடுவில் நான்கு விரல் அகலத்துக்குப் பாலே வரவில்லை. பட்டைக்குள் பழுப்பு ஏறியிருந்தது.

அம்மா எழுந்து வேலைக்கு வந்த அன்று, அதே கட்டைவிரலை அதே மாதிரி இழுத்தார். காய்ந்த இடத்தில் விரல் நின்றது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். உங்களுக்கும் இப்படிக் கவனித்துப் பார்க்கிறவர் யாராவது உண்டா?

குளுவாங்காரி எழுதியது:

உண்டு, என் அம்மா. நான் பிறந்தது ஜொகூரில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம், கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே வந்தேன். அம்மாவுக்கு மகரந்தத் தூள் அடிக்கும் வேலை. மரம் மரமாகப் போய், மட்டைகளுக்கு நடுவே கையை விட்டு, பெண் பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்து, டால்கம் பவுடரில் கலந்த மகரந்தத்தைப் பீய்ச்ச வேண்டும். பூவின் நுனி பாலாடை நிறத்தில் இருந்தால் அடிக்கலாம். சிவப்பு ஏறிவிட்டால் வீண். அதுவும் இரண்டு மூன்று நாள்தான் பொறுக்கும். அம்மா தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார், இது இன்றைக்கு, அது நாளைக்கு என்று.

செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் ஆண் பூக்களை உட்கார்ந்து கவனித்து, அதைச் செய்வது ஒரு சின்ன வண்டு என்று கண்டுபிடித்தார். 1981இல் அந்த வண்டை மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் காய்ப்பு கூடியது, கையால் தூள் அடிக்கும் வேலை நின்றுபோனது.

ஒரு நாள் அம்மா ஓர் ஆண் பூவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீடெல்லாம் சோம்பு வாசம். அரிசியில் பாதிகூட இல்லாத வண்டுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்தன. ஒன்றை உள்ளங்கையில் ஏற்றி விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எவ்ளோ சுறுசுறுப்பு பாரு" என்றார். வேலை போன வாரம் அது.

தம்பி, கவனித்தால் நல்லது நடக்கும் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நல்லது நடந்தது, நாட்டுக்கு. அம்மாவின் கண்ணுக்கு அதன் பிறகு யாரும் கூலி கொடுக்கவில்லை.

மிஸ்ஸி எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. என் தம்பி செம்பனைக் குலை வெட்டுபவன். நாலு நாள் காய்ச்சல். டவுனில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், பிளேட்லெட் குறைவு, டிங்கி (டெங்கு), வீட்டில் படுத்துத் தண்ணீர் குடி என்று அனுப்பிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன், நானே ஒரு தாதி. பக்கத்து வீட்டில் பழைய தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) ஒருவர், எழுபது தாண்டியவர், பார்க்க வந்தார். தலைமாட்டில் உட்காராமல் கால்மாட்டில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே தம்பியின் கெண்டைச் சதையை அமுக்கினார். அவன் போட்ட கத்தலில் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். கண்ணைப் பார்த்தார், ரத்தச் சிவப்பு, ஆனால் பீளை இல்லை. "எந்தக் கானுல இறங்கின?" என்று கேட்டார். போன வாரம் அடைத்துக்கொண்ட சாக்கடைக் கானைச் சுத்தம் செய்திருக்கிறான். எலிக்காய்ச்சல். அன்று இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து ஆரம்பித்தார்கள், பிழைத்தான். அந்தக் காலை நான் நாலு நாளும் போர்வையால் மூடி மூடி விட்டிருக்கிறேன்.

லாரிக்காரர் மகன் எழுதியது:

மிஸ்ஸி அக்கா, அந்த டிரஸ்ஸருக்கு என் கும்பிடு. ஆனால் பெரியவர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்தபோது எல்லோரும் கொசுவைத்தான் பார்த்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களோ பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த பெரிய ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். இதெல்லாம் கண்முன்னே இருந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிக் கிடந்தது தெரிந்தது. புது வைரஸ். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். மலேசியாவில் 265 பேருக்கு வந்தது, 105 பேர் இறந்தார்கள். முடிவை முதலில் எடுத்துவிட்டுப் பார்த்தால், பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான் அக்கா.

என் கதை சின்னது. அப்பா பண்ணைகளுக்குத் தவிடு ஏற்றும் லாரி ஓட்டினார். ஒரு ராத்திரி வந்து பசியாறக்கூட உட்காராமல், "பன்னி நாய் மாதிரி குரைக்குதுடா, ரோட்டுலேயே கேக்குது" என்றார். பன்றிகளின் அந்த இருமலும் இதே நோயின் அடையாளம் என்று பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அன்று நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஆறு ஏக்கர் எழுதியது:

நம்மிடம் கட்டிப்பால் (உறைந்த கித்தா பால்) வாங்கும் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒரு துண்டை வெட்டி மோந்து பார்த்தே எத்தனை நாள் பால் என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான் என் அனுபவம்.

மூனாம் லயம் அண்ணா, உங்கள் மரத்துக்கு வருகிறேன். பால் தண்ணீராகி, வெட்டு நேரம் தாண்டியும் சொட்டினால் மரம் களைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே சீவுவதை நிறுத்தி மாதக் கணக்கில் ஓய்வு கொடுக்க வேண்டும். காய்ந்த இடம் எதுவரை போகிறது என்று ஆணியால் குத்திக் குத்திப் பாருங்கள். பால் வருகிற நல்ல பட்டையில்தான் பிறகு புது வெட்டு திறக்க வேண்டும். மருந்து தடவிப் பால் கூட்டுவதைத் தொடவே வேண்டாம். உளி மரத்தின் உள்சதையைத் தொடக்கூடாது, ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிச்சம் இருக்க வேண்டும். தினமும் சீவாதீர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டு. இளமரமாக இருந்தால் சுற்றளவு 45 சென்டிமீட்டர் வரும் வரை திறக்கவே கூடாது. பட்டை ஈரமாக இருக்கும்போது சீவினால் வெட்டில் பூஞ்சை பிடிக்கும். மரத்தைச் சாகடிக்காமல், அதே வெட்டை மெல்லிசாகத் திரும்பத் திரும்பச் சீவினால் பால் கூடும் என்று சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி காட்டிய பிறகுதான் கித்தா பிழைப்பாக மாறியது. நேரம் கிடைத்தால் கோலகங்சாருக்குப் போய் அந்தப் பழைய கித்தா மரத்தைப் பாருங்கள், 1877இல் வந்த கன்றுகளின் வழி. முக்கியமாக உளியைத் தினமும் தீட்டுங்கள், மொட்டை உளிதான் ஆழமாக இறங்கும்.

மூனாம் லயம் எழுதியது:

ஆறு ஏக்கர், அக்கறைக்கு நன்றி. அந்த மரம் இப்போது இல்லை. அந்தக் காடு முழுக்கச் செம்பனையாகி வருடங்கள் ஓடிவிட்டன. குளுவாங்காரி அக்கா, நல்லது நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் அம்மா அந்த வண்டைப் பார்த்ததைப் படித்த பிறகு, நேற்று என் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கண்ணில் புரை, ஆளையே குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

"அம்மா, நான் சீவிக் காயவச்ச மரம் ஞாபகம் இருக்கா?"

எந்த மரம் என்று அவர் கேட்கவில்லை. "கரையான் புத்துக்குப் பக்கத்துல நின்னுச்சே, அதானே" என்றார்.

அங்கே ஒரு புற்று இருந்தது எனக்கு நினைவே இல்லை.