அல்கானின் அரை மணி நேர எட்யூட்: பாதியில் வழி தவறிவிடுகிறது

ஷோப்பான், லிஸ்ட் எழுதிய எட்யூட்கள் (பியானோ பயிற்சித் துண்டுகள்) ஓரளவு பழக்கம். நாலு மாதமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் சார்ல் வாலந்தென் அல்கானிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 1857ல் வெளிவந்த அவரது ஓபஸ் 39 (39ஆம் எண் கொண்ட படைப்பு), மைனர் ஸ்கேல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு எட்யூட்.

கடைசியாக வரும் ‘ஈசாப்பின் விருந்து’ பிரச்சினையே இல்லை. எட்டு பார் (தாள அளவு) நீள மெட்டு, அதை மாற்றி மாற்றி வாசிக்கும் 25 வேரியேஷன், ஓரிடத்தில் ‘குரைப்பது போல’ என்றே மனுஷன் குறித்து வைத்திருக்கிறார், சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

சிக்கல் எட்டாவதில்தான். தனிப் பியானோ கான்செர்ட்டோவின் முதல் பகுதி, ஜி ஷார்ப் மைனர், 1,342 பார், கிட்டத்தட்ட அரை மணி நேரம். கான்செர்ட்டோ என்றால் வழக்கமாக ஒரு சோலோ வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது; இங்கே ஆர்கெஸ்ட்ராவும் அதே பியானோதான், சோலோவும் அதே பியானோதான். முதல் சோலோ நுழைவது காதுக்குத் தெரிகிறது. பன்னிரண்டு நிமிடம் தாண்டினால் யார் பேசுகிறார்கள் என்றே புரிவதில்லை, வெறும் விரல் வேகம் மட்டும் மிஞ்சுகிறது.

செய்து பார்த்தவை: ஹாமலின், ரொனால்ட் ஸ்மித் என்ற இரு பியானோ கலைஞர்களின் பதிவுகளையும் ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். நோட்ஸில் ‘டுட்டி’ (ஆர்கெஸ்ட்ரா முழுவதும்), ‘சோலோ’ என்று போட்டிருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுப் பின்தொடர்ந்தேன். தாளைப் பார்த்தால் புரிகிறது, மூடினால் போய்விடுகிறது. துண்டு துண்டாகக் கேட்டேன், அப்புறம் முழுசாகச் சேர்க்க முடியவில்லை.

கார்ல் க்ளிண்ட்வொர்த் என்ற ஜெர்மன் இசைக்கலைஞர் இந்தப் பகுதியைப் பியானோவுக்கும் நிஜ ஆர்கெஸ்ட்ராவுக்குமாக மாற்றி எழுதியிருக்கிறார். முதலில் அதைக் கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டு தனிப் பியானோ வடிவத்துக்குத் திரும்பினால் பலன் இருக்குமா, யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?