அகோலாள், அகோலிபாள், மரக்காலுக்குள் ஒருத்தி: பாடம் எடுக்கையில் தடுக்கும் இடங்கள்

சுவடி:
வேதாகமப் பாடத்தில் எசேக்கியேல் 23க்கு வந்ததும் வகுப்பு திணறுவதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. இரண்டு பெண்களின் கதையாகத் தொடங்கி, நாலாம் வசனத்தில்தான் அகோலாள் சமாரியா (வடக்கு இஸ்ரவேலின் தலைநகர்), அகோலிபாள் எருசலேம் (தெற்கு யூதாவின் தலைநகர்) என்று தீர்க்கதரிசி உடைக்கிறார். அதை வேகமாகத் தாண்டினால் மிச்சமுள்ள 45 வசனமும் குடும்பச் சண்டையாகிவிடும். அந்த வசனத்தைப் பலகையில் எழுதிவிட்டு முதல் வசனத்துக்கு வாருங்கள்.

பெயர்களை அடுத்து எடுங்கள். எபிரேயத்தில் 'ஓஹெல்' என்றால் கூடாரம். அகோலாள் 'அவளுடைய கூடாரம்', அகோலிபாள் 'என் கூடாரம் அவளுக்குள்' என்பது வழக்கமான விளக்கம். வடக்கு ராஜா யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் கன்றுக்குட்டி வைத்து வடக்கே தனி வழிபாடு தொடங்கியதை மூத்தவள் அகோலாளின் பெயர் குத்துகிறது. தேவாலயம் தன்னிடம் இருந்தும் இளையவள் அதையே செய்தாள் என்பதுதான் குற்றச்சாட்டின் கூர்மை. மோசே காலத்து ஆசரிப்புக் கூடாரத்தில் வேலை செய்த அகோலியாபின் பெயரிலும் இதே வேர்தான். ஏசாவின் மனைவி அகோலிபாமாளோடு இவர்களைக் குழப்புபவர்கள் வகுப்புக்கு ஒருவராவது உண்டு. முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அதிகாரத்தை இப்படி வெட்டலாம்: 1–4 அறிமுகம், 5–10 அகோலாள், 11–21 அகோலிபாள், 22–35 தண்டனையும் அவள் குடிக்க வேண்டிய பாத்திரமும், 36–49 இருவர்மேலும் மீண்டும் குற்றப்பத்திரிகை.

இந்தச் சகோதரிகள் மோகித்த 'சிநேகிதர்' யார் என்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். நீலம் உடுத்த அசீரிய அதிகாரிகள் வெறும் வருணனை இல்லை. இஸ்ரவேலின் ராஜா மெனாகேம் அசீரிய ராஜாவுக்கு 1000 தாலந்து வெள்ளி கொடுத்தான் என்கிறது 2 இராஜாக்கள் 15. அதற்காகச் செல்வந்தர் ஒவ்வொருவரிடமும் 50 சேக்கல் வசூலித்தான். தாலந்துக்கு 3000 சேக்கல் என்று வைத்தால் 60,000 பேர் தலையில் விழுந்த வரி. அதற்கும் முன்பே, அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் கறுப்புத் தூணில் (இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்) இஸ்ரவேலின் ராஜா யெகூவின் பெயருக்குக் கீழே ஒருவன் தரையில் முகம்படக் குனிகிறான். யூதாவின் ராஜா ஆகாஸ் உதவி கேட்டு அசீரியனுக்கு வெள்ளியும் பொன்னும் அனுப்பினான். அவனைச் சந்திக்கத் தமஸ்குவுக்குப் போன இடத்தில் ஒரு பலிபீடத்தைப் பார்த்து, அதன் மாதிரியை எருசலேமுக்கு அனுப்பி அப்படியே கட்டவைத்தான். உடன்படிக்கை, கப்பம், பின்னாலேயே அந்நிய வழிபாடு. இந்த வரிசையைத்தான் எசேக்கியேல் காமம் என்கிறார். 16ஆம் அதிகாரத்தில் விக்கிரகமே முன்னால் நிற்கும். 23ல் தூதுவர்கள் முன்னால் நிற்பார்கள். இரண்டையும் ஒரே பாடமாகக் கலக்காதீர்கள்.

ஏடுபார்ப்பவர்:
சுவடி ஐயா சொன்னதோடு 14ஆம் வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகோலிபாள் கல்தேயரை (பாபிலோனியரை) நேரில் பார்க்கவில்லை; சுவரில் ஜாதிலிங்கம் என்ற சிவப்புச் சாயத்தால் தீட்டிய உருவங்களைப் பார்த்து ஆள் அனுப்புகிறாள். படத்தைப் பார்த்தே மயங்கினாள் என்று சொன்னால் விக்கிரகத்தோடு உள்ள தொடர்பு தானே விளங்கும். தனி விளக்கம் தேவைப்படாது.

தமிழ்ச் சொல்லில் இரண்டு இடம் சறுக்கும். 'சோரம்போனாள்' என்று நம் பழைய மொழிபெயர்ப்பு எழுதும் இடங்களில் எபிரேய வினை 'ஸானா'. பாலியல் முறைகேட்டுக்கும் வேறு தெய்வத்தைப் பின்பற்றுவதற்கும் அதே சொல்தான். அதனால் ஒவ்வொரு இடத்திலும் யார் எழுவாய் என்று பாருங்கள்: நகரமா, ஜனமா, நிஜமான ஒரு பெண்ணா?

இன்னொன்று 'தோப்பு', 'விக்கிரகத்தோப்பு'. மாந்தோப்பு மாதிரி நினைத்துவிடுவார்கள். மூலத்தில் 'அஷேரா': தெய்வத்தின் பெயரும் அதுவே, பலிபீடத்தருகே நட்ட மரக்கம்பத்தின் பெயரும் அதுவே. வட சீனாயில் குந்தில்லத் அஜ்ரூத் என்ற இடத்தில் 1975, 1976ல் தோண்டியபோது கிடைத்த ஒரு சாடியில் 'சமாரியாவின் யாவே' (யாவே இஸ்ரவேலின் தேவனுடைய பெயர்), 'அவருடைய அஷேரா' என்ற சொற்கள் மையால் எழுதப்பட்டிருந்தன. சமாரியாவை 'அவளுடைய கூடாரம்' என்று ஏன் கேலி செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பக்கச்சான்று கிடைப்பது அரிது.

மரக்கால்:
என் புனைபெயருக்குக் காரணமான சகரியா 5க்கு வருகிறேன். சகரியா கண்ட எட்டுத் தரிசனங்களில் இது ஏழாவது. தானியம் அளக்கும் மரக்காலுக்குள் ஒரு பெண், மரக்காலின் வாயில் ஈய மூடி, நாரைச் செட்டையுள்ள இருவர் அதைச் சிநெயாருக்கு (பாபிலோன் நாட்டுக்கு) தூக்கிப்போகிறார்கள்.

முதல் தவறு அளவில். மூலத்தில் 'எப்பா', பொதுவான கணக்கில் சுமார் 22 லிட்டர். நம் மரக்கால் அதைவிடச் சிறியது. எதிலும் ஒரு ஆள் உட்கார முடியாது. அதனால் இது சிலை அளவு உருவம் என்று பலர் வாசிக்கிறார்கள்; எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இரண்டாவது, 'இவள் அக்கிரமக்காரி' என்ற மொழிபெயர்ப்பு. எபிரேயத்தில் இருப்பது 'இதுவே அக்கிரமம்' என்ற பண்புப்பெயர். 'ரிஷ்ஆ' இலக்கணத்தில் பெண்பால், அதனால் உருவமும் பெண். பெண்குலத்தைப் பற்றிய தீர்ப்பாக இதைப் பிரசங்கிப்பவர்கள் இலக்கணப் பாலை ஆள் பாலாக்குகிறார்கள். தூக்கிப்போகிறவர்களும் பெண்கள்தானே!

மூன்றாவது, எப்பா என்றதும் ஆமோஸ் 8ன் கள்ள அளவை நினைத்து வியாபார மோசடியோடு நிறுத்திவிடுவது. 11ஆம் வசனத்தை விடாதீர்கள்: அங்கே அதற்கு ஒரு வீடு கட்டி, அதன் பீடத்தில் வைப்பார்களாம். 'வீடு' கோயிலுக்கும் வழங்கும் சொல். தேவாலயம் மறுபடி எழும்பும் அதே காலத்தில் (இந்தத் தரிசனங்களின் தேதி கி.மு. 519) பாபிலோனில் இதற்கு எதிர்க்கோயில்.

சுவடி:
எரேமியா 7லும் 44லும் வரும் வானராக்கினி என்ற பெண் தெய்வத்தை இந்த உருவகப் பெண்களின் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது உருவகமில்லை, நடந்த வழிபாடு: பிள்ளைகள் விறகு பொறுக்க, தகப்பன்மார் நெருப்பு மூட்ட, பெண்கள் மாப் பிசைந்து பணியாரம் சுட்டார்கள். எரேமியா 3ன் இரு சகோதரிகள் (இஸ்ரவேல், யூதா)தான் உருவகம். எசேக்கியேல் 23க்கு முன்னோடி அது. தீர்க்கதரிசி ஓசியாவின் கோமேர் இரண்டுக்கும் நடுவில்: மனைவியும் அவளே, தேசத்தின் அடையாளமும் அவளே. அவளுக்காகக் கொடுத்த 15 வெள்ளியும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் அந்த இரட்டைத்தன்மையை மறக்க விடாது.

ஏடுபார்ப்பவர்:
இளையோர் கூடும் இடத்தில் 23ஐ முழுக்க உரக்க வாசிக்கத் தேவையில்லை. 1–10, பிறகு 36–39 போதும். 25ஆம் வசனத்தில் மூக்கையும் காதையும் அறுப்பது நகரம் பிடிபட்டபின் நடக்கும் கொடுமையின் வருணனை. வீட்டில் பெண்ணை அடிப்பதற்கு இதை அனுமதியாகக் காட்டுவோர் உண்டு, அதை அங்கேயே மறுத்துவிடுங்கள். எசேக்கியேல் 16ஐ ஜெபாலயத்தில் வாசிக்கக்கூடாது என்று ரபி எலியேசர் சொன்னதாக யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது. நெருடல் நமக்கு மட்டும் இல்லை.

மரக்கால்:
எசேக்கியேல் 16ல் சமாரியாவும் சோதோமும் தங்கள் 'குமாரத்திகளோடு' வருவார்கள். பெண்பிள்ளைகள் எத்தனை என்று எண்ணத் தொடங்காதீர்கள். அது நகரைச் சுற்றிய சிற்றூர்களுக்கு எபிரேய வழக்கு.