பால் குடுத்துட்டு எப்பங்க பம்ப் பண்றது? பாப்பாவுக்கு 5 வாரம்

பனியன்ஊர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். 26 வாரம் லீவுல 8 வாரம் டெலிவரிக்கு முன்னாடியே போயிருச்சு, பெட் ரெஸ்ட்னு சொல்லிட்டாங்க, அதனால பாப்பாவுக்கு நாலு மாசம் ஆனதும் வேலைக்குப் போயாகணும். அதுக்குள்ள பால் எடுத்து வெச்சுப் பழகலாம்னு எலக்ட்ரிக் பம்ப் வாங்கியாச்சு, ஆனா எந்த நேரத்துல எடுக்குறதுன்னே புரியலைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா குடிக்குது, சாயங்காலம் 6ல இருந்து 9 வரைக்கும் மடிய விட்டு இறங்குறதே இல்ல. முன்னாடியே எடுத்தா பாப்பாவுக்குப் பத்தாதோன்னு பயம், குடிச்சப்புறம் எடுத்தா ரெண்டு பக்கமும் சேந்து 20 மில்லிதான் வருது. நேத்து எடுத்துட்டு மூடி போடுறதுக்குள்ள எந்திரிச்சு அழுதுருச்சு, மார்பு தொளதொளன்னு கெடக்கு, என்னத்தக் குடுக்குறது? அத்தை அந்த 20 மில்லியப் பாத்துட்டு பால் பத்தல, பவுடர் பால் ஆரம்பிச்சிரலாம்ங்கறாங்க. நெசமாவே பத்தலைங்களா?

மதுரை_அக்கா:
கண்ணு, அந்த 20 மில்லிய வெச்சு எதையும் முடிவு பண்ணாத. பிள்ளை வயிறு நிறையக் குடிச்ச பிறகு மிச்சம் வர்றது அது, அந்த நேரத்துக்கு நல்ல அளவுதான். பிள்ளை வாய் இழுக்குற மாதிரி எந்த மெஷினும் இழுக்காது. மார்பு தொளதொளன்னு இருந்தாலும் உள்ள சுரந்துக்கிட்டேதான் இருக்கும், அழுதா உடனே மார்புல போட்ரு, கொஞ்சம் மெதுவா இறங்கும், பிள்ளை இழுக்க இழுக்க வரும். எடுத்து வெச்சத அப்ப குடுக்கணும்னு இல்ல.

நேரம் கேட்டேல்ல, விடியக்காலைல எடு. 5 மணி 6 மணி பால் குடுத்துட்டு பிள்ளை தூங்கினதும் ஒரு அரை மணி நேரம் கழிச்சு 10 நிமிசம் 15 நிமிசம், அம்புட்டுதான், ஒரு நாளைக்கு ஒரு தடவ. சாயங்காலம் பம்ப் பக்கமே போகாத, அப்ப எல்லாருக்குமே குறைச்சலாத்தான் வரும், பிள்ளையும் விட்டு விட்டுக் குடிச்சுக்கிட்டே இருக்கும், அது பால் இல்லாததால இல்ல. அத்தைகிட்ட டயப்பரக் காட்டு. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போயி தடுப்பூசிக்குப் போறப்ப எடையும் ஏறியிருந்தா பவுடர் டப்பா எதுக்கு?

வார்டு_சிஸ்டர்:
அக்கா சொல்றது சரிதான். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ராத்திரிலயும் விடியக்காலைலயும்தான் அதிகமா இருக்கும், காலைல கூட வர்றது அதனாலதான். நான் பிரசவ வார்டுல பாக்குறதுல முக்கால்வாசிப் பேருக்குப் பிரச்சினை பம்ப்ல மார்புல பொருத்துற அந்தப் புனலோட சைஸ்தான். பெட்டில வர்றது பெரும்பாலும் 24 எம்எம், எல்லாருக்கும் அது ஒத்து வராது. எடுக்குறப்ப உள்ள பாருங்க, காம்பு மட்டும் லேசா போய் வரணும், சுத்தி இருக்குற கருப்பு பாகமும் சேந்து உள்ள இழுபட்டா சைஸ் பெருசு, காம்பு ரெண்டு பக்கமும் உரசி வெளுத்துப் போனா சின்னது. வலிக்கவே கூடாது, அழுத்தத்தைக் கூட்டினா கூட வரும்னு நினைச்சுக் கூட்டாதீங்க. முதல்ல மார்ப மெதுவா தடவி விட்டுட்டு ஆரம்பிங்க.

இன்னொண்ணு, ஸ்டாக் சேக்குறேன்னு இப்பவே நாளைக்கு நாலு தடவ எடுக்காதீங்கம்மா. எடுக்க எடுக்க உடம்பு கூடக் கூட சுரக்கும், அப்புறம் ஒரு நாள் எடுக்காம விட்டாப் பால் கட்டிக்கும், சிவந்து போய்க் காய்ச்சலும் வரலாம். வேலைக்குப் போற முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் வேண்டியது கைல இருந்தாப் போதும், அப்புறம் ஆபீஸ்ல எடுக்குறது மறுநாளைக்கு ஆகும்.

கோவை_அப்பா:
எங்க வீட்ல பம்ப் கழுவுறது, பால் குடுக்குறது ரெண்டும் என் வேலைங்க, அதனால சொல்றேன். எடுத்த பால ஃபிரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, திறந்து மூடுறப்ப எல்லாம் சூடு படும், உள்பக்கம் தள்ளி வைங்க, 4 நாள் வரைக்கும் தாங்கும். வெளில 4 மணி நேரம்ங்கறது 25 டிகிரிக்கு, நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கு ஆகாது, எடுத்ததும் உள்ள வெச்சிருங்க. மேல ஆடை மாதிரி கொழுப்பு நிக்கும், கெட்டுப் போச்சுன்னு எங்கம்மா ஒரு தடவ கொட்டப் போயிட்டாங்க. வெதுவெதுப்பான தண்ணிக் கிண்ணத்துல பாட்டில நிறுத்தி லேசாச் சுழட்டினா கலந்துரும், அடுப்புலயும் மைக்ரோவேவ்லயும் வைக்கக் கூடாது. நாங்க பாட்டில் நிப்பிள் பழக்காம வெள்ளிச் சங்குலயே குடுத்தோம், தலையத் தூக்கிப் பிடிச்சுக் கீழ் உதட்டுல சங்கு மூக்கை வெச்சாப் பாப்பாவே உறிஞ்சிக்கும், ஊத்தி விடக் கூடாது.

பனியன்ஊர்_அம்மா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பாப்பா ஏழெட்டுத் தடவ ஒண்ணுக்குப் போகுதுங்க, அத்தைகிட்ட சொல்றேன். பம்ப் பாத்தேன், சிஸ்டர் சொன்ன மாதிரியே கருப்பு பாகம் பாதி உள்ள போகுது, சின்ன சைஸ் பாக்குறேன். நேத்து எடுத்த 20 மில்லியோட இன்னைக்குப் பாலையும் ஒரே பாட்டில்ல ஊத்தலாங்களா?

வார்டு_சிஸ்டர்:
ஊத்தலாம்மா, ஆனா சூட்டோட ஊத்தாதீங்க, புதுப் பால ஃபிரிட்ஜ்ல வெச்சு ஆற விட்டு அப்புறம் சேருங்க, நாள் கணக்கு நேத்துல இருந்து எண்ணணும். பாப்பா குடிச்சு மிச்சம் வெச்சத மட்டும் திரும்ப உள்ள வைக்காதீங்க, 2 மணி நேரத்துக்குள்ள குடிக்கலன்னாக் கொட்டிருங்க.

மதுரை_அக்கா:
ஆபீஸ்லயும் இப்பவே கேட்டு வெச்சுக்க கண்ணு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடம்னா குழந்தைகள் காப்பகம் வெச்சே ஆகணும், ஒரு நாளைக்கு 4 தடவ போய்ப் பாத்துட்டு வரலாம், 2017ல சட்டத்தைத் திருத்துனப்ப வந்த விதி இது. பக்கத்துல இருந்தா நேராப் போய்ப் பாலே குடுத்துட்டு வந்துரலாம், பம்ப் வேலை பாதி குறைஞ்சுரும்.