சாப்பாட்டை வீணாக்காத ஒருவரைச் சந்தித்த அனுபவம்: பகிருங்கள்

உவர்மலையான்:
நம்ம ஊர்ச் சோற்றுப் பார்சல் எவ்வளவு பெரியது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் கந்தோரில் முக்கால்வாசிப் பேர் பாதியை, சோறு சுற்றிவரும் லஞ்ச் சீற்றுத் தாளோடு சுருட்டி எறிவோம். மூதூரிலிருந்து புதிதாக ஒரு அக்கா வந்தார். பார்சலைப் பிரித்ததும் கை வைக்கவில்லை. முதலில் பாதிச் சோறு, பருப்பு, மீன் துண்டு எல்லாவற்றையும் கரண்டியால் எடுத்து ஒரு டப்பாவில் அடைத்தார். இரவுச் சாப்பாடாம். ஒருவன், "என்ன அக்கா, வீட்டில நாய் வளர்க்கிறீங்களோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த நாள் டப்பா இல்லை. மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு போய் வாளியில் போட்டார். அவர் கை கழுவி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கிண்ணியாப் பிள்ளை:
எனக்கு 2022 மார்ச் கடைசி, இலங்கையே நெருக்கடியில் கிடந்த நேரம். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, தெரியும்தானே. அப்போது டவுனில் வாடகைக்கு இருந்தோம். இவர் மலிவென்று முழுச் சூரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிரிட்ஜுக்குள் அது ஒழுகத் தொடங்கிவிட்டது. கேஸும் இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா மண்சட்டியும் கொறுக்காய்ப்புளியுமாக வந்து நின்றார். புளியை அரைத்து, உப்பு, மிளகோடு மீனில் பிரட்டி, சட்டியில் வாழையிலை விரித்து அடுக்கி, விறகில் தண்ணீர் வற்றும்வரை விட்டார். அதுதான் அம்புல்தியல், சிங்களவரின் புளி மீன். மூடியைத் திறக்கப் போன என் கையில் அகப்பையால் ஒன்று வைத்தார் பாருங்கள், உம்மாகூட அப்படி அடித்ததில்லை! பிரிட்ஜ் இல்லாமலே நாலைந்து நாள் சாப்பிட்டோம். பிறகு அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். சட்டி என்னிடமே நிற்கிறது, யாரிடம் கொடுப்பது?

தம்பலகாமத்தான்:
உவர்மலையான், சிரித்தவன் மடையன்தான். ஆனால் அந்த அக்கா செய்ததும் சரியில்லை. மத்தியானச் சோறு நம்ம வெயிலில் இரவுவரை டப்பாவில் கிடந்தால் என்ன ஆகும்? சோற்றில் பசிலஸ் செரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்து சமைக்கும்போது சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிச்சம் வைப்பதென்றால் தட்டையான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். அடுத்த நாளே முடியுங்கள். ஒரு தடவைக்கு மேல் சூடாக்காதீர்கள். தேங்காய்ப்பால் விட்ட கறி என்றால் இன்னும் கவனம், சொதியை நம்பவே நம்பாதீர்கள். பாண் மிச்சமென்றால் காயவைத்துத் தூளாக்கினால் கட்லட்டுக்கு ஆகும். இடியப்பத்தைக் கொத்தாக்கலாம்.

என் கதையா? என் மாமா பழைய சொதி குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவ்வளவுதான்.

பாலையூற்றுப் பெடியன்:
அண்ணே, கேட்டது அனுபவம், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். அப்படிப் பார்த்தால் பழஞ்சோறு குடித்து வளர்ந்த நாங்கள் எல்லோரும் எப்பவோ போயிருக்க வேண்டும்.

தம்பலகாமத்தான்:
தம்பி, தண்ணீர் ஊற்றிப் புளித்த சோறு வேறு, லஞ்ச் சீற்றுக்குள் வேர்த்த சோறு வேறு. முதலில் வாசியும்.

பாலையூற்றுப் பெடியன்:
சரி, விடுங்கள். என்னுடையது அக்காவின் கல்யாணம். கடைசிக் கிடாரத்துக்கு அரிசியே போடாமல் சமையற்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தண்ணீர் மட்டும் கொதிக்கிறது. சித்தப்பா பாய்ந்து வந்தார். "சனம் வந்து சோறு இல்லையென்றால் மானம் போயிடும், போடும் ஐயா!" அவர் அசையவில்லை. "ரெண்டாம் பந்தி இருக்கட்டும், தலையை எண்ணிப்போட்டுப் போடுறன். பச்சையா இருந்தா அது அரிசி, அவிச்சா ராவைக்குக் குப்பை." சித்தப்பா அரிசிச் சாக்கைத் தானே இழுக்க, அவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள்!

கடைசியில் ஒருவருக்கும் சோறு குறையவில்லை. சித்தப்பா இன்னும் அவரோடு பேசுவதில்லை. மிஞ்சிய அரைச் சாக்கு அரிசி போனது சித்தப்பா வீட்டுக்குத்தான்.